துப்புக்கூலி: மாட்டிலிருந்து டிராக்டர் வரை

எங்கள் புளியறையில் இரவு நேரத்தில் டிராக்டர் நிறுத்தியிருக்கும் அழகைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். பின்சக்கரத்து வட்டைக்குள் நுழைத்து வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டிய சங்கிலி. சங்கிலியில் தேங்காய் அளவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கலப்பையைத் தரையில் இறக்கி, முன்னால் டிரெய்லரைக் குறுக்கே நிறுத்தி, அதற்கும் மேலே ஒரு நாயைக் கட்டியிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். 2014-க்குப் பிறகு சிரிப்பதில்லை.

நான் இந்த ஊர்க்காரன் அல்ல என்பது படிக்கும் பலருக்குத் தெரியும். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிரெவே தேறி, அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்தைந்து வருஷம் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவன். பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்த மாதிரி நானும் பெண்டாட்டி ஊருக்கு வந்து சேர்ந்தேன். அவரோடு எனக்கு உள்ள ஒற்றுமை அந்த ஒன்றுதான்.

2014 புரட்டாசி. கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு உழவு தொடங்கும் சமயம். விடியற்காலை ஐந்து மணிக்கு என் மனைவியின் தம்பி போன் செய்தார். "அத்தான், வண்டியக் காணல." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அது புது வண்டியல்ல. முப்பத்தைந்து குதிரைச் சக்தி கொண்ட பழைய டிராக்டர். வீட்டு நகையில் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து இரண்டாம் கையாக வாங்கியது. சொந்த வயல் ஒன்றரை ஏக்கர். மற்றபடி ஊராருக்கு வாடகைக்கு உழுதுதான் பிழைப்பு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது களத்தில் எண்ணெய் சொட்டிய கறையும், தார் ரோடு வரைக்கும் போன டயர் தடமும்தான் மிச்சம். இரவு பெய்த மழையில் அந்தத் தடமும் பாதி கரைந்திருந்தது.

எழுத்தர் புத்தி எனக்கு. உடனே புகார் எழுதினேன். எஞ்சின் எண், சேஸிஸ் எண், பதிவு எண், நிறம், முன் பம்பரில் இருந்த நசுங்கல் எல்லாம் வரிசையாக எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். முதல் தகவல் அறிக்கையும் அன்றைக்கே பதிவாயிற்று. அதுவரை எல்லாம் சரி. அடுத்து இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதாவது நம் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அவருக்குப் பணம் கிடைக்கும். நம் வண்டியே காணாமல் போனால் ஒரு பைசா கிடைக்காது. அந்தத் தாளைப் புதுப்பிக்கும்போது, "சட்டம் கேட்பது இவ்வளவுதான் மாப்ளே, எதுக்கு வீணாக் காசு" என்று யோசனை சொன்னவன் சாட்சாத் நானே.

நாலாம் நாள் செங்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் மைத்துனரிடம் வந்து நின்றார். "வண்டி ஒண்ணும் தூரம் போகல. முப்பதாயிரம் இருந்தா துப்பு கிடைக்கும்" என்றார். மைத்துனர் என்னிடம் ஓடி வந்தார். கொடுக்கக் கூடாது என்றேன். இதைக் காவல் நிலையத்தில் சொல்வதுதான் முறை என்று அவரை அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர்களும் தேடினார்கள். டீக்கடைக்கு அந்த ஆள் அப்புறம் வரவே இல்லை. வண்டியும் வரவில்லை. நகையை மீட்க மூன்று பிசானம் ஆயிற்று.

"அத்தான், நீங்க நியாயந்தான் பேசினீங்க. ஆனா அன்னைக்குக் குடுத்திருந்தா வண்டி வந்திருக்குமோ என்னவோ" என்று மைத்துனர் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சொன்னதில்லை. அந்த ஒரு தடவையே எனக்குப் போதுமானதாக இருந்தது. டீக்கடை ஆள் சொன்ன "துப்பு" என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பழைய கெஜட்டியர்களையும் புத்தகங்களையும் புரட்ட ஆரம்பித்தேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துப்புக்கூலி என்பது நம் தென்பாண்டிச் சீமையில் நூறு வருஷத்துக்கு முன் எல்லாருக்கும் தெரிந்த சொல். மாடு காணாமல் போகும். இரண்டொரு நாளில் ஒரு ஆள் வருவார். மாட்டின் விலையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்தால் மாடு இருக்கும் இடம் தெரியும் என்பார். கொடுத்தால், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். களவாடியவரும் துப்புச் சொன்னவரும் ஒருவரா, வேறா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. ஏர் மாடு இல்லாமல் ஒரு பட்டம் தவறினால் வருஷமே போய்விடும். ஆகையால் சம்சாரி போலீசுக்குப் போவதைவிடக் கூலி கொடுப்பதே லாபம் என்று கணக்குப் போட்டான். 2014-இல் என் மைத்துனர் போட்டதும் அச்சு அசலாக அதே கணக்குத்தான்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காவல் முறையில் போய் நிற்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்தில் இரண்டு வகைக் காவல் இருந்தது. ஓர் ஊரின் வீடு, வயல், களம், மாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது ஸ்தலக் காவல். பல ஊர்களையும் பாதைகளையும் சேர்த்துப் பாளையக்காரர் பார்த்துக்கொள்வது தேசக் காவல். அறுவடையில் காவல்காரருக்கு ஒரு பங்கு உண்டு. அதற்குப் பதிலாக ஊரில் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்; முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள், இதுவும் ஒருவகை இன்சூரன்ஸ்தான். அதுவும் முழுக் காப்பீடு! நான் மைத்துனருக்கு வாங்கிக் கொடுத்ததைவிட மேலானது.

1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு கும்பினியார் தேசக் காவலை ஒழித்தார்கள். காவலுக்கென்று வந்துகொண்டிருந்த வருமானம் சர்க்கார் கைக்குப் போயிற்று. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் கிராம முன்சீப்பையும் தலையாரியையும் போலீஸ் வேலைக்குப் பொறுப்பாக்கியது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்து, இன்று நாம் காணும் போலீஸ் இலாகா பிறந்தது. ஆனால் காகிதத்தில் ஒழித்ததால் ஊரில் ஒழிந்துவிடுமா? போலீஸ் ஸ்டேஷன் எங்கோ பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் இருந்தது. காவல்காரர் பக்கத்துத் தெருவில் இருந்தார். சர்க்கார் அங்கீகாரம் இல்லாத காவல், அங்கீகாரம் இல்லாமலேயே தொடர்ந்தது. முறையான வருமானம் போன இடத்தில் துப்புக்கூலி செழித்து வளர்ந்தது.

இதற்கு எதிராக ஜனங்கள் ஒருமுறை பெரிய அளவில் கிளம்பினார்கள். 1896-இல் திண்டுக்கல் பக்கம் தொடங்கி மதுரை ஜில்லாவின் பல கிராமங்களுக்குப் பரவிய இயக்கம் அது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் "பண்டு". ஃபண்டு என்ற இங்கிலீஷ் வார்த்தைதான். ஊர்க்காரர்கள் கூடிப் பொதுப் பணம் சேர்த்தார்கள். எவர் மாடு களவு போனாலும் அந்தப் பணத்திலிருந்து ஈடு கொடுப்பது, துப்புக்கூலி கொடுப்பதே இல்லை, காவல்காரர்கள் இனி வேண்டாம் என்பது கட்டுப்பாடு. பூட்டுக்குப் பேர்போன ஊரின் பக்கத்தில் பூட்டை நம்பாமல் ஒற்றுமையை நம்பியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது அந்த உற்சாகம் அடங்கிவிட்டது. அந்த இயக்கம் காவலை எதிர்த்ததோடு நிற்கவில்லை. காவல் பார்த்து வந்த கள்ளர் சமூகத்துக் குடும்பங்களையே ஊரைவிட்டு விரட்டுவதில் போய் முடிந்தது. வீடுகள் எரிந்தன. திருடியவன், திருடாதவன் என்ற பேதமில்லாமல் பெண்டு பிள்ளைகளோடு வெளியேறினார்கள். சர்க்காரும் பின்னால் அதே வழியில் போயிற்று. 1871-இல் வடக்கே கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்துக்காகவே ஒரு மனிதன் கைரேகை கொடுத்து, இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும் என்ற நிலை வந்தது. அதை மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-இல்; நாடு முழுவதும் 1952-இல். ஒரு மாட்டைக் காப்பாற்ற ஆரம்பித்த காரியம் எங்கே போய் நின்றது, பாருங்கள். இன்றைக்கும் ஊரில் எதுவாவது காணாமல் போனால் "அந்தத் தெருக்காரன்தான் எடுத்திருப்பான்" என்று பேசும் பெரியவர்களைப் பார்க்கிறேன். எங்கள் வண்டி போனபோதும் அப்படிப் பேசினார்கள். ஒரு தடயமும் இல்லாமல்தான் பேசினார்கள்.

இனி எங்கள் புளியறையின் கதைக்கு வருகிறேன். களவுக்கும் எல்லைக்கும் உள்ள உறவு புதுச்சேரிக்காரனான எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோரிமேட்டைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு போலீஸ் என்று இருந்த ஊரில் பிறந்தவன். எல்லை என்பது நல்லவருக்கும் அடைக்கலம், பொல்லாதவருக்கும் அடைக்கலம். 1908-இல் பாரதியாரைக் காப்பாற்றியது பிரெஞ்சு எல்லை. 1918 நவம்பரில் அவர் அந்த எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் கால் வைத்ததும் கைது செய்தார்கள். அதே எல்லையில் கடத்தல்காரர்களும் சுகமாக வாழ்ந்தார்கள்.

இங்கே செங்கோட்டைத் தாலுகா அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. தென்காசி பிரிட்டிஷ் சீமை. ஆகவே எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஓடியது. இந்தப் பக்கம் காணாமல் போன மாடு அந்தப் பக்கம் போய்விட்டால் அது வேறு ராஜாங்கத்து மாடு. புளியறை அன்று எல்லை ஊரே அல்ல. திருவிதாங்கூருக்கு உள்ளே, மலையடிவாரத்தில் இருந்த ஊர். 1904-இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை திறந்து, பகவதிபுரம் வழியாக மலையைக் குடைந்து வண்டி போக ஆரம்பித்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலப் பிரிவினையில் செங்கோட்டைப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மேற்கே ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லை ஒரே நாளில் மேற்கே நகர்ந்து எங்கள் ஊர்த் தலைமாட்டுக்கு வந்துவிட்டது! புளியறை வாசல் ஊராயிற்று. சோதனைச் சாவடி வந்தது. (எங்கள் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் ஒரு நவம்பர் 1-ஆம் தேதிதான், 1954-இல். பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் ஒரே பிறந்தநாள் என்று மனைவியிடம் சொல்வதுண்டு.)

மாடு காட்டுப் பாதையில் மலை ஏறும். டிராக்டர் ஏறாது, அதற்கு ரோடு வேண்டும், லாரி வேண்டும். அதனால் சாவடி இருக்கும் ஊரில் டிராக்டர் களவு நடக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் சாவடி ஒரு பக்கம்தான். கிழக்கே செங்கோட்டை, தென்காசி வழியாக எந்தத் திசைக்கும் ரோடு திறந்து கிடக்கிறது. வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

டிராக்டரே நமக்குப் புதிது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர் 1959-இல் ஃபரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியிலிருந்து வெளிவந்தது. அடுத்த வருஷமே சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியது; செம்பியம் ஆலையிலிருந்து மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகள் வர ஆரம்பித்தன. மாட்டுக்கு ஆயிரம் வருஷமாகக் காவல் ஏற்பாடு இருந்தது. சூடு போட்டார்கள், கொம்பைச் சீவி அடையாளம் வைத்தார்கள், சுழி பார்த்து வைத்தார்கள், கழுத்தில் மணி கட்டினார்கள். மாட்டுக்கும் தன் எஜமானைத் தெரியும். வேற்றாள் வந்தால் முரண்டு பிடிக்கும். டிராக்டருக்கு எஜமான் தெரியாது. பழைய வண்டிகளில் ஒரு மாடலின் சாவி அதே மாடலின் வேறு வண்டிக்கும் பொருந்துவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். உழுகிற நேரத்தில் யாரிடம் சாவி இருந்தாலும் வேலை நடக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். திறந்த வண்டி, கதவும் கிடையாது.

ஆகவே டிராக்டருக்குச் சூடு என்பது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் எண் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தப் படியை நீங்களும் ஒன்று எடுத்து, வண்டியின் போட்டோவோடு, நசுங்கல், ஒட்டு வேலை தெரியும்படி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் எண் இருந்தது. படி இல்லை, போட்டோவும் ஒரு கல்யாண ஊர்வலத்தில் எடுத்தது ஒன்றுதான் இருந்தது. அதில் மாப்பிள்ளை தெரிந்த அளவுக்கு வண்டி தெரியவில்லை.

புது வண்டிகளில் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி வருகிறது. 2022-இல் உக்ரைன் நாட்டு மெலிதோபோல் நகரில் ஒரு விற்பனையாளரின் டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் ரஷ்யப் படையினர் லாரிகளில் ஏற்றிப் பல நூறு மைல் தாண்டிச் செச்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள சாமான்கள். கருவி அவை போன இடத்தைக் காட்டிக்கொடுத்தது. தூரத்திலிருந்தே இயந்திரங்களைப் பூட்டியும் விட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, திரும்பி வரவில்லை. துப்பு கிடைப்பது வேறு, பொருள் கிடைப்பது வேறு.

சட்டத்தின் பக்கமும் ஒரு நல்ல செய்தி உண்டு. பஞ்சாபில் ஒரு விவசாயியின் டிராக்டர் 2010 அக்டோபர் 28-ஆம் தேதி களவு போயிற்று. அன்றே போலீசில் புகார் பதிவு செய்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் 52 நாள் கழித்துத்தான் தெரிவித்தார். தாமதம் என்று சொல்லிக் கம்பெனி பணம் தர மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜனவரி 24-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். போலீசுக்கு உடனே சொல்லியிருந்து, களவும் உண்மை என்று தெரியும்போது, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். களவுக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுத்திருந்தால்தான் அந்தத் தீர்ப்பு உதவும். எங்களுக்கு உதவாது. இதைப் படிப்பவர்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால், இன்று இரவே அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சிறுவயதில் எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் "கார்த் ஷாம்பேத்ர்" என்ற ஒரு மனிதர் வருவார். வயல் காவலர் என்று பொருள். பிரான்சில் 1795-ஆம் வருஷச் சட்டம் ஒவ்வொரு கிராமக் கொம்யூனுக்கும் அப்படி ஒருவர் கட்டாயம் என்றது. பயிரையும் தோட்டத்தையும் காவல் காப்பார். தம்பட்டம் அடித்து ஊருக்கு அறிவிப்பும் படிப்பார். நம் தலையாரி மாதிரிதான். ஒரு வித்தியாசம், அவர் ஊர் மொத்தத்துக்கும் சம்பளக்காரர். அவருக்குத் துப்புக்கூலி கிடையாது. நம் தலையாரியோ பரம்பரை உத்தியோகம். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒழித்தபோது கர்ணமும் மணியமும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி இப்போது கிராம உதவியாளர். அவருக்குச் சான்றிதழ் வேலைக்கே நேரம் போதவில்லை. இரவில் களத்தைச் சுற்ற அவரால் ஆகாது.

இதையெல்லாம் நான் திரட்டி முடித்த பிறகு, ஒரு நாள் மைத்துனரிடமும் அவர் கூட்டாளிகளிடமும் 1896 பண்டு கதையைச் சொன்னேன், எரிந்த வீடுகள் உட்பட. வெறும் பேச்சோடு போகும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்போது எங்கள் பக்கத்தில் ஏழு வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரே களத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். கரண்டு விளக்கு ஒன்று, கேமரா ஒன்று, இரவுக்கு ஒரு பெரியவர். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து அவருக்குச் சம்பளம். எந்தத் தெருக்காரர் என்று பார்த்து அவரை வைக்கவில்லை; இரவில் தூக்கம் வராதவர் என்பதுதான் தகுதி. மிச்சப் பணம் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கணக்கில் கிடக்கிறது. கணக்கு எழுதுவது நான். பேரேட்டின் மேல் "பண்டு" என்று எழுதியிருக்கிறேன். காரணம் எனக்கும் மைத்துனருக்கும்தான் தெரியும்.

அன்றைக்கு அந்த முப்பதாயிரத்தைக் கொடுத்திருக்க வேண்டுமோ? இந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. கொடுத்திருந்தால் ஒருவேளை எங்கள் வண்டி வந்திருக்கும். அடுத்த மாதம் வேறொருவர் வண்டி போயிருக்கும். இதைப் படித்துவிட்டுச் சொல்ல எனக்குச் சுலபம். நகையை இழந்து நின்றவர் அவர்.

போன மாதம் மைத்துனர் மறுபடியும் ஒரு பழைய வண்டி வாங்கினார். காப்பீட்டுத் தாளை என் கையில் கொடுத்து, "அத்தான், இந்தத் தடவை நானே படிச்சுட்டேன். முழுசாத்தான் போட்டிருக்கேன். நீங்களும் ஒருக்காப் பார்த்திருங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துத் திருப்பிக் கொடுத்தேன்.